வீட்டில் செய்யும் ஆர்கேட் பெட்டி: ஸ்ரிக்கையும் பட்டனையும் எங்கே வைத்தால் கை நோகாது?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் சும்மா கிடந்த பழைய கொம்பியூட்டரையும் 22 அங்குல மொனிற்றரையும் வைத்து, இரண்டு பேர் நின்று விளையாடும் ஆர்கேட் பெட்டி (விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி) ஒன்று செய்கிறாராம். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து அக்காவின் பிள்ளைகள் வருவதற்குள் முடிக்க வேண்டுமாம். பெட்டி தயார். ஸ்ரிக்கும் (திசை காட்டுகிற ஜொய்ஸ்ரிக்) பட்டனும் பூட்டுகிற மேல் பனல் மட்டும்தான் மிச்சம். அவருடைய கேள்வி: ஸ்ரிக்குக்கும் பட்டனுக்கும் இடையில் எவ்வளவு விடுவது, பட்டன்களை நேர் வரிசையில் வைப்பதா வளைத்து வைப்பதா, ஒரு படத்தை அச்சடித்து ஒட்டித் துளைத்தால் போதாதா?

நேர்ப்பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரிக்கின் நடுவில் இருந்து முதல் பட்டனின் நடுவுக்குக் குறைந்தது 9 சென்ரிமீற்றர், இடம் இருந்தால் 11. பட்டன்களை வளைத்து வையுங்கள். முதல் பட்டன் மற்றவற்றைவிடக் கீழே இருக்கட்டும். அச்சடித்த படத்தை அப்படியே ஒட்டித் துளைக்க வேண்டாம். அந்தப் படம் யாரோ ஒருவருடைய கைக்கும், அவருடைய பெட்டியின் உயரத்துக்கும் போட்டது. சைக்கிள் வாங்கினால் முதலில் சீற்றை ஏற்றி இறக்கி நம் காலுக்குச் சரி பார்க்கிறோம் அல்லவா, இதுவும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், துளைத்த துளையை ஏற்றி இறக்க முடியாது.

பனல் போடுகிற அநேகமானோர் பட்டனில் இருந்து தொடங்குகிறார்கள். ஆறு பட்டன் வட்டத்தைப் பலகையின் நடுவில் அழகாக வரைந்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் கையை வைக்கப் பார்ப்பார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் முழங்கை எங்கே நிற்கிறது, பிறகு மணிக்கட்டு எங்கே கிடக்கிறது, கடைசியில் விரல் நுனி எங்கே போய் விழுகிறது. அந்த விழுகிற இடந்தான் பட்டன்.

உயரத்தில் இருந்து தொடங்குவோம். பெட்டி ஏற்கெனவே தயார் என்கிறீர்கள், ஆனாலும் கால்ப்பக்கத்தில் கட்டை வைத்து ஏற்றலாம், அல்லது அறுத்து இறக்கலாம். நின்று விளையாடும்போது பனல் முழங்கையைவிட 10 சென்ரிமீற்றர் அளவு கீழே இருந்தால் தோள் உயராது, மணிக்கட்டும் மடியாது. ஐந்தரை அடி ஆளுக்கு முழங்கை தரையில் இருந்து ஏறத்தாழ 105 சென்ரிமீற்றரில் இருக்கும். ஆகவே பனலின் முன்விளிம்பு 92 முதல் 95 சென்ரிமீற்றர், அதாவது மூன்றடிக்கு ஓர் இஞ்சி கூட. வெளிநாட்டுப் பெட்டிகளின் வரைபடத்தில் இதைவிடக் கூடிய அளவு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அங்கே ஆட்களும் உயரம், சப்பாத்தோடு நிற்கிறவர்களையும் கணக்கில் எடுப்பார்கள். நாங்கள் வீட்டுக்குள் வெறுங்காலோடு நிற்கிற ஆட்கள். அந்த இரண்டு மூன்று சென்ரிமீற்றரை இங்கே கழிக்கத்தான் வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்காகப் பனலை இறக்க வேண்டாம். அவர்களுக்கு முன்னால் ஒரு பலகை வாங்கைப் போட்டு ஏற்றி விடுங்கள். உயரமான ஆளைக் குனிய வைத்தால் அரை மணித்தியாலத்தில் நாரி பிடிக்கும். சின்ன ஆளை ஏற்றி விட்டால் ஒரு கரைச்சலும் இல்லை. வாங்கு வழுக்காமல் இருந்தால் சரி.

கதிரையில் இருந்து விளையாடும் எண்ணம் வந்தால் கணக்கு வேறு. கதிரையின் இருக்கை வழக்கமாக 45 சென்ரிமீற்றர், அதன்மேல் தொடைக்கு 15, அசைய இரண்டு. பனல் பெட்டியின் அடிப்பக்கம் 62க்குக் கீழே வந்தால் முழங்கால் இடிக்கும். உள்ளே ஸ்ரிக்கின் அடிப்பகுதியும் வயரும் ஆறேழு சென்ரிமீற்றர் கேட்கும். ஆக மேற்பரப்பு 70 அளவில் வரும். நின்றும் இருந்தும் விளையாட ஒரே பெட்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயரமான கதிரை தேடுவதுதான் அதற்கு ஒரே வழி.

சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. பனலின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து, விளையாடுகிறவரை நோக்கிச் சரிந்திருப்பது நல்லது, ஆனால் கொஞ்சந்தான். 30 சென்ரிமீற்றர் ஆழமான பனலுக்குப் பின்பக்கம் 3 சென்ரிமீற்றர் உயர்ந்தால் அது ஏறத்தாழ 6 பாகை. அதற்கு மேல் போனால் மணிக்கட்டுப் பின்பக்கமாக மடியும். தட்டையாக விட்டாலும் பாதகம் இல்லை.

இனி மணிக்கட்டு. திருநெல்வேலியில் ஒரு வீட்டில் செய்த பெட்டியை ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். வடிவான வேலை, போமைக்கா ஒட்டி, விளிம்பை நூல் பிடித்தமாதிரி நேராக வெட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுக் கையைத் தூக்கினவர்களின் மணிக்கட்டில் எல்லாம் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஸ்ரிக்கை முன்விளிம்பில் இருந்து நாலு விரல் அகலத்தில் வைத்திருந்தார்கள், அதனால் உள்ளங்கையின் அடிப்பகுதி கிடக்க இடமே இல்லை. மணிக்கட்டின் உட்பக்கம் அந்தக் கூர் விளிம்பிலேயே தொங்கியது. அந்த இடத்தில்தான் விரல்களுக்குப் போகிற நரம்பும் தசைநார்களும் ஒடுக்கமான வழியாகப் போகின்றன. தொடர்ந்து அழுத்தினால் விரல் விறைக்கும்.

அதற்கு இரண்டு பரிகாரம், இரண்டையும் செய்யுங்கள். ஒன்று, ஸ்ரிக்கின் நடுவை முன்விளிம்பில் இருந்து 13 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளுங்கள். பட்டன்களின் கீழ்வரிசையில் முதலாவது 11 சென்ரிமீற்றரில் வரட்டும். இப்படி விட்டால் உள்ளங்கை முழுவதும் பலகைமேல் கிடக்கும். மற்றது, முன்விளிம்பை உருட்டி விடுங்கள். ஓடாவியிடம் ரூட்டர் (மரத்தின் விளிம்பைச் செதுக்குகிற மெஷின்) இருந்தால் அரை இஞ்சி வளைவு போட்டுத் தருவார். இல்லாவிட்டால் அரத்தாலும் சான்ட் பேப்பராலும் நீங்களே செய்யலாம், மரம்தானே. விரலால் தடவினால் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது.

இப்போது நீங்கள் கேட்ட இடைவெளி. வளர்ந்த ஆளின் தோள் அகலம் 40 முதல் 45 சென்ரிமீற்றர். ஸ்ரிக்கும் பட்டனும் அதைவிட நெருக்கமாக இருப்பதால் இரண்டு முன்கைகளும் உள்நோக்கிச் சரிந்துதான் வரும். ஆனால் கை பனலை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடிக்க வேண்டியிருக்கும். இடைவெளி குறையக் குறைய இந்த மடிப்புக் கூடும். அதனால்தான் 9 என்பது குறைந்தபட்சம் என்றேன். ஒரே ஒருவர் விளையாடும் பனல் என்றால் 13 கூட விடலாம், நல்லாயிருக்கும். இரண்டு பேருக்கான பனலில் அவ்வளவு இடம் கிடைக்காது.

இந்தச் சரிவை விளங்கிக்கொண்டால் பட்டன்களை ஏன் வளைத்து வைக்கிறார்கள் என்பதும் தானாக விளங்கும். வலது முன்கை கீழ் வலப்பக்கத்தில் இருந்து மேல் இடப்பக்கமாக வருகிறது. கை அப்படித் திரும்பி நிற்கும்போது சுட்டுவிரல் பக்கம் தாழும், மோதிரவிரல் பக்கம் உயரும். விரல் நீளத்தில் நடுவிரல் கூட, மோதிரவிரல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கை திரும்பியதால் அந்தக் குறைவு சரியாகிவிடுகிறது. ஆகவே சுட்டுவிரலுக்கு உரிய முதல் பட்டன் கீழே, இரண்டாவதும் மூன்றாவதும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் மேலே. ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களில் நிற்கும் டைட்டோ வியூலிக்ஸ் பெட்டிகளின் பட்டன் அமைப்பும் இந்த மாதிரியானதுதான். யாரோ அழகுக்காக வளைத்ததல்ல.

அளவாகச் சொன்னால் இப்படி. மேல்வரிசையின் முதல் பட்டனில் இருந்து இரண்டாவது 33 மில்லிமீற்றர் வலப்பக்கம், 18 மில்லிமீற்றர் மேலே. இரண்டாவதில் இருந்து மூன்றாவது 36 மில்லிமீற்றர் வலப்பக்கம், அதே மட்டம். கீழ்வரிசை ஒவ்வொன்றும் தன் மேல்ப் பட்டனில் இருந்து 40 மில்லிமீற்றர் கீழே. எல்லாம் நடுவில் இருந்து நடுவுக்கு. 30 மில்லிமீற்றர்ப் பட்டனின் வெளிவட்டம் 33 அளவில் வரும், ஆகவே 36 விட்டால் இரண்டு வட்டத்துக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் மிஞ்சும். ஓடாவியின் கணக்கில் ஒரு நூல். அதற்குக் கீழே இறங்கினால் பட்டன் ஒன்றையொன்று முட்டும். கூட விட்டால் விரல் அகட்ட வேண்டிவரும், சின்னக் கைகளுக்குக் கஷ்டம்.

ஆனால் இந்த இலக்கங்களையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒரு பெரிய காட்போட் பெட்டியை விரித்து, பெட்டியின்மேல் பனல் இருக்க வேண்டிய உயரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, கண்ணை மூடி, இரண்டு கையையும் தளர்வாக அதன்மேல் விழவிடுங்கள். விரல்களை விறைப்பாக நீட்டாமல், உள்ளே ஒரு சின்ன உருண்டை இருப்பதுபோல மடித்து வையுங்கள். மற்றவர் ஒருவர் வலக்கையின் சுட்டு, நடு, மோதிர விரல் நுனிகளைப் பென்சிலால் குறிக்கட்டும். பிறகு மணிக்கட்டை அசைக்காமல் விரல்களை உள்ளே இழுங்கள், நுனி நிற்கும் இடத்தை மறுபடி குறிக்கட்டும். மேல் மூன்று புள்ளி, கீழ் மூன்று புள்ளி. வீட்டில் உள்ள எல்லாரையும் வெவ்வேறு நிறப் பேனையால் குறித்துப் பாருங்கள். அப்பாவின் புள்ளியும் பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியும் மேல்வரிசையில் கொஞ்சம் விலகும், கீழ்வரிசையில் நெருங்கிவரும். நான் மேலே தந்த அளவை அந்தப் புள்ளிக்கூட்டத்தின்மேல் வைத்து, ஓரிரு மில்லிமீற்றர் அங்கே இங்கே தள்ளினால் உங்கள் வீட்டுக்கான பனல் கிடைத்துவிடும். விரல் மடங்கும்போது நேர் கீழே வராமல் ஒரு பக்கம் சாய்கிறது என்று கண்டால் கீழ்வரிசையையும் அந்தப் பக்கம் மூன்று நாலு மில்லிமீற்றர் நகர்த்துங்கள்.

இடம் பிடித்ததும் மட்டையிலேயே துளை வெட்டி, உண்மையான பட்டனையும் ஸ்ரிக்கையும் பூட்டி விளையாடிப் பாருங்கள். ஒற்றை மட்டை தொய்யும். இரண்டு மூன்று மட்டையை ஒட்டினால் தாங்கும், பட்டனின் நட்டையும் இறுக்கலாம். விளையாட்டைத் தெரிந்து எடுக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 நல்ல சோதனை. 1991இல் வந்தது, மூன்று குத்து, மூன்று உதை என்று ஆறு பட்டனும் கேட்கும். அதில் சங்கீவ் என்ற மல்யுத்தக்காரனின் சுழல் அடிக்கு மூன்று குத்துப் பட்டனையும் ஒரே நேரத்தில் அமத்த வேண்டும். மணிக்கட்டைத் தூக்காமல் மூன்று விரலாலும் ஒன்றாக அமத்த முடிகிறதா? முடிந்தால் மேல்வரிசையின் வளைவு சரி. நேர்வரிசைப் பனலில் இதைச் செய்து பாருங்கள், நடுவிரலை மடக்கிச் சுருட்டித்தான் அமத்த வேண்டிவரும்.

நாங்கள் முஸ்தபா என்று சொல்லித் திரிகிற கடிலாக்ஸ் அன்ட் டைனசோர்ஸ் வேறு ஒரு சோதனை. 1993இல் கப்கொம் என்ற ஜப்பானியக் கம்பனி விட்டது. அடிக்க ஒன்று, பாய ஒன்று, இரண்டே பட்டன். சூழ்ந்து வந்தால் இரண்டையும் சேர்த்து அமத்தித் தப்ப வேண்டும். ஆகவே அந்த இரண்டையும் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள், மேலும் கீழுமாகக் கொடுக்காதீர்கள். மெற்றல் ஸ்லக் விளையாடும்போது சுடும் பட்டனை ஓயாமல் தட்டுவீர்கள், அதை முதல் பட்டனாகவே வையுங்கள். இவை எல்லாம் எமுலேற்றரில், அதாவது பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கொம்பியூட்டரில் ஓட்டுகிற மென்பொருளில், மாற்றிக்கொள்ளக்கூடியவை, அதற்காகத் துளை கூட்ட வேண்டியதில்லை.

துளை கூட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எட்டுப் பட்டன், பத்துப் பட்டன், நடுவில் ட்ராக்போல் (கையால் உருட்டுகிற பந்து), பக்கத்தில் சுழற்றும் குமிழ், அதன்மேல் நாலுவழி ஸ்ரிக் என்று எல்லாவற்றையும் ஒரே பனலில் ஏற்றப் பலருக்கு ஆசை. நான் ஆதரிக்க மாட்டேன். 1980இல் வந்த பக்மான் பெட்டியில் விளையாட ஒரே ஒரு ஸ்ரிக்தான், பட்டனே இல்லை. நியோ ஜியோ வகை ஆர்கேட் விளையாட்டுகளுக்கு நாலு பட்டன் போதும். மோட்டல் கொம்பற்றின் முதல் பெட்டிக்கு ஐந்து, அதையும் ஆறு பட்டன் பனலில் சமாளிக்கலாம். ஆறுக்கு மேல் வைத்தால் கை வைக்க இடம் குறையும், வந்த விருந்தாளிக்கு எதை அமத்துவது என்று தெரியாது. ட்ராக்போல் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பனல் செய்து, நாலு ஆணியைக் கழற்றி மாற்றுகிறமாதிரி வையுங்கள்.

பக்மான் என்றதும் இன்னொன்று. அந்த விளையாட்டு நாலு திசைக்கு மட்டும் உரியது. எட்டுத் திசை ஸ்ரிக்கில் விளையாடினால் மூலையில் திரும்பும்போது சறுக்கும், கை பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். சன்வா என்ற ஜப்பானியக் கம்பனியின் ஜே.எல்.எஃப். வகை ஸ்ரிக்கின் அடியில் உள்ள சதுரத் தடுப்பைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் நாலு திசையாகிவிடும். அதற்காகவாவது பனல் இலகுவாகத் திறக்கவேண்டும்.

இரண்டு பேருக்கான அகலத்துக்கு வருவோம். முதலாம் ஆளின் வலது முழங்கையும் இரண்டாம் ஆளின் இடது முழங்கையும் இடிபடுகிற இடந்தான் சண்டை பிடிக்கிற இடம், திரையில் அல்ல. இரண்டு ஸ்ரிக்கின் நடுவுகளுக்கும் இடையில் 55 சென்ரிமீற்றர் விடுங்கள். 45க்குக் கீழே வளர்ந்த இரண்டு பேர் நிற்க முடியாது. இடது ஓரத்தில் 10, ஸ்ரிக்குகளுக்கு இடையில் 55, இரண்டாம் ஆளின் ஸ்ரிக்கில் இருந்து அவருடைய கடைசிப் பட்டன் வரை 16, வலது ஓரத்தில் 10. கூட்டினால் 91, சரியாக மூன்றடி. 16 என்றது 9 சென்ரிமீற்றர் இடைவெளிக்கான கணக்கு. 11 விட்டால் இரண்டு சென்ரிமீற்றர் கூடும்.

மூன்றடி என்றதும் போய்க் கதவு நிலையை அளந்து பாருங்கள். அறைக் கதவுகள் பல வீடுகளில் மூன்றடி கூட இல்லை. பெட்டியை விறாந்தையில் செய்துவிட்டு உள்ளே கொண்டுபோக முடியாமல் அங்கேயே மழைக்குத் தறப்பாள் போட்டு மூடி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 22 அங்குல மொனிற்றருக்கு உடல் இரண்டடி அகலம் போதும். பனலை மட்டும் இரண்டு பக்கமும் வெளியே நீட்டி, கழற்றிப் பூட்டும்படி வையுங்கள். நீட்டிய பக்கத்தில் பிள்ளைகள் தொங்குவார்கள், அடியில் ஒரு முட்டுக் கட்டாயம்.

ஸ்ரிக்கின் திசையில் ஒரு பிழை அடிக்கடி நடக்கும். இரண்டு பேரும் பக்கவாட்டில் நிற்பதால், ஒவ்வொரு ஸ்ரிக்கையும் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினால் வசதி என்று நினைத்துத் திருப்பிவிடுவார்கள். வேண்டாம். மேலே தள்ளினால் திரையில் மேலே போக வேண்டும், ஆகவே ஸ்ரிக்கின் மேல் என்பது திரையின் மேலோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். 15 பாகை திருப்பினால்கூட நேரே போக நினைத்தவர் குறுக்கே போவார். பட்டன் கூட்டத்தைத் திருப்பலாம், கை எங்கே வருகிறதோ அதற்கேற்ப. ஸ்ரிக்கைத் திருப்பக் கூடாது.

ஸ்ரிக்கைப் பிடிக்கிற விதமும் ஆளுக்கு ஆள் வேறு. உருண்டைத் தலை என்றால் சிலர் தண்டை மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே விட்டு, கீழிருந்து ஏந்திப் பிடிப்பார்கள். சிலர் மேலிருந்து விரல் நுனிகளால் கவ்வுவார்கள். கீழிருந்து ஏந்துகிறவருக்கு உருண்டைக்கும் பலகைக்கும் இடையில் விரல் நுழைய இடம் வேண்டும். இங்கேதான் பலகையின் தடிப்பு வந்து நிற்கிறது. ஜப்பானிய ஸ்ரிக்குகள் மெல்லிய இரும்புத் தகட்டுப் பனலுக்கென்று செய்யப்பட்டவை. 18 மில்லிமீற்றர்ப் பலகையின் அடியில் அப்படியே பூட்டினால் தண்டில் பாதி பலகைக்குள் போய்விடும், மேலே கட்டையாக ஓர் உருண்டை மட்டும் தெரியும். 12 மில்லிமீற்றர்ப் பிளைவுட் எடுத்து, ஸ்ரிக் வருகிற இடத்தை அடியில் இருந்து குடைந்து 6 மில்லிமீற்றர் மட்டும் மிச்சம் விடுவது நல்ல வழி. பட்டனிலும் இதே கதை. கிளிப்பில் நிற்கிற வகை மெல்லிய தகட்டுக்கு மட்டுந்தான். மரத்துக்கு நீளமான கழுத்தும் நட்டும் உள்ள வகை வாங்குங்கள். வாங்கும் முன், கொழும்பு புறக்கோட்டையாக இருந்தாலும் சரி, இணையத்தில் சீனாவில் இருந்து எடுப்பதாக இருந்தாலும் சரி, இதை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எந்தப் பலகை? பிளைவுட்தான் என் தெரிவு. எம்.டி.எஃப். இலகுவாக வெட்டலாம், விளிம்பும் வடிவாக வரும், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழைக் குளிர்ச்சியை உறிஞ்சி வெட்டின வாயெல்லாம் ஊதும். அதைத்தான் வாங்கிவிட்டீர்கள் என்றால் துளைகளின் உட்பக்கம் வரைக்கும் சீலர் பூசுங்கள். வீட்டில் பனைமரச் சட்டம் கிடக்கிறது, அதை வைத்துச் செய்யலாமா என்று யாராவது சொன்னால், கால்களுக்கும் முட்டுக்கும் தாராளமாக எடுங்கள், கை படுகிற இடத்துக்கு வேண்டாம். நாரும் சிராம்பும் கையில் ஏறும். மேலே ஒட்டுவதற்கு மினுக்கமான அக்ரிலிக் பார்க்க நல்லது, ஆனால் பங்குனி சித்திரை வெயிலில் வியர்த்த கை அதில் ஒட்டிக்கொண்டு நகராது. மினுக்கம் இல்லாத போமைக்கா போதும்.

துளைக்கும் அளவை வேர்னியரால் பட்டனை அளந்து பார்த்து எடுங்கள். பட்டியலில் எழுதியதை நம்ப வேண்டாம். அமெரிக்க வகைப் பட்டனுக்கு 1 இஞ்சி 1 நூல், அதாவது 28 மில்லிமீற்றரும் கொஞ்சமும். ஜப்பானிய வகைக்கு 30 மில்லிமீற்றர், அது 1 இஞ்சி ஒன்றரை நூல். இந்த அரை நூலில்தான் பட்டன் ஆடுவதும் இறுகி நிற்பதும் இருக்கிறது. துளையிடும் வாளை மேற்பக்கம் இருந்து பாதி ஓட்டி, நடுத்துளை அடியில் தெரிந்ததும் பலகையைத் திருப்பி அடியில் இருந்து மீதியை எடுத்தால் வாய் பிய்யாது. துளைக்கும் முன் ஸ்ரிக்கின் அடித்தட்டைப் பலகையின் அடியில் வைத்து ஒரு பென்சில் கோடு போடுங்கள். அந்தச் சதுரம் முதல் பட்டனின் நட்டோடு முட்டுகிறதா, பெட்டியின் சட்டத்தோடு முட்டுகிறதா என்று அப்போதே தெரியும்.

ஸ்ரார்ட் பட்டனும் காசுப் பட்டனும் கை போகாத இடத்தில் இருக்க வேண்டும். பனலின் மேல் ஓரம், முன்விளிம்பில் இருந்து 26 சென்ரிமீற்றரில் வைத்தால் போதும். விளையாட்டில் இருந்து வெளியேறும் பட்டனை மேலே வைக்கவே வேண்டாம். இரண்டு பட்டனைச் சேர்த்து அமத்தினால் வெளியேறும்படி எமுலேற்றரில் போடலாம், அல்லது பெட்டியின் அடியில் ஒளித்து வைக்கலாம். வெல்லப் போகிற நேரம் பக்கத்தில் நிற்கிற சின்னவன் அதை அமத்தாமல் விடமாட்டான்.

கடைசியாக வயர். பட்டன்களில் இருந்து யூ.எஸ்.பி. என்கோடர் பலகைக்கு (பட்டனை அமத்தியதைக் கொம்பியூட்டருக்குச் சொல்கிற சின்ன மின்பலகை) போகிற வயரை இழுத்துப் பிடித்த நீளத்துக்கு வெட்டாதீர்கள், ஒரு முழம் கூட விடுங்கள். பனலைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு, வயர் கழறாமலே ஸ்ரிக்கின் தடுப்பைத் திருப்பவோ பட்டனை மாற்றவோ முடியும். ஒவ்வொரு வயரின் நுனியிலும் ரேப் ஒட்டி ஆள் ஒன்று, பட்டன் மூன்று என்று எழுதி வையுங்கள்.